கணக்குக் கொடுத்த ஆசிரியர்: புனித லசாலின் வாழ்வு



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அப்பா நம்மைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மீதித் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருவார். இப்போதோ ஒரு பிள்ளையை அதட்டினால்கூடப் புகார், விசாரணை. சட்டம் ஆசிரியரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்பார்கள். அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் கூடவே வரும். ஆசிரியராக இருப்பவர்களும் சொல்கிறார்கள், பெற்றோர்களும் சொல்கிறார்கள்.

ஆனால் ஆசிரியரின் கையைக் கட்டியவர்களில் ஒரு புனிதரும் உண்டு. அவரைத்தான் திருச்சபை ஆசிரியர்களின் பாதுகாவலராக நமக்குத் தந்திருக்கிறது. புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் என்பது அவர் பெயர். ஆண்டுதோறும் ஏப்ரல் 7 அன்று அவரை நினைவுகூர்கிறோம். தமிழகத்திலும் இலங்கையிலும் லசால் சகோதரர்களின் பள்ளிகளில் படித்தவர்கள் அவரது படத்தைப் பார்த்திருப்பார்கள். நீண்ட அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை, அருகில் ஒரு சிறுவன். அந்தப் படத்தில் தெரியாத ஒன்று, அவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை கணக்குக் கொடுக்க அழைக்கப்பட்டார் என்பது.

1651 ஏப்ரல் 30 அன்று பிரான்சு நாட்டின் ரைம்ஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை அந்நகர நீதிமன்றத்தில் நீதிபதி. செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். மூத்த பிள்ளையான ஜான், பதினாறு வயது நிரம்பும் முன்பே ரைம்ஸ் பேராலயத்தின் கேனன் ஆகிவிட்டார். பேராலயத்தில் செபம் சொல்லி, அதற்குரிய வருமானத்தோடு கண்ணியமாக வாழக்கூடிய பதவி அது. பிறகு பாரிசில் புனித சுல்பீஸ் குருமடத்தில் சேர்ந்தார். 1671-இல் தாய் இறந்தார். ஒன்பது மாதங்களுக்குள் தந்தையும் போய்விட்டார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பிய ஜானுக்கு அப்போது இருபத்தொரு வயது நிறையும் தருணம். தம்பி தங்கையருக்குச் சட்டப்படியான காப்பாளராக அவரே இருக்க வேண்டியதாயிற்று. யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த நிலத்திலிருந்து என்ன வருமானம், யாருடைய படிப்புக்கு என்ன செலவு என்று அவர் எழுதிவைத்த கணக்கு இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பிறர் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முன்பே, தம் பொறுப்பில் விடப்பட்ட சிறுவர்களுக்காகப் பதில் சொல்லப் பழகியவர் அவர்.

1678-இல் குருவானார். அடுத்த ஆண்டு ரூவன் நகரிலிருந்து அட்ரியன் நீயேல் என்பவர், ஏழைச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கும் நோக்கத்தோடு ரைம்சுக்கு வந்தார். இளங்குரு லசால் அவருக்கு உதவ ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு பள்ளி, பிறகு இன்னொன்று. நீயேல் பள்ளி தொடங்குவதில் கெட்டிக்காரர். தொடங்கியதை நின்று நடத்துவது அவருக்கு வராது. ஆகவே பள்ளிகளில் சேர்ந்த ஆசிரியர்களைக் கவனிக்கும் வேலை மெல்ல மெல்ல லசாலின் தலையில் வந்து விழுந்தது.

அக்காலத்து ஆசிரியர் யார் என்பதை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வேறு வேலை கிடைக்காதவர்தான் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வருவார். பயிற்சி கிடையாது, கூலியும் சொற்பம். நல்ல வேலை கிடைத்தால் மறுநாளே போய்விடுவார். தம் வீட்டு வேலைக்காரனைவிடக் கீழாகத்தான் இவர்களைத் தொடக்கத்தில் எண்ணியதாக லசாலே பின்னாளில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களை 1681 சூன் மாதம் தம் சொந்த வீட்டிலேயே குடியேற்றினார். உறவினர்கள் கொதித்தார்கள். தம்பிமாரை அந்த வீட்டில் விட்டுவைக்க அவர்களுக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு லசால் தம் வீட்டை விட்டே வெளியேறி, ஆசிரியர்களோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்.

அங்கே ஒரு சங்கடம் வந்தது. நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்று கவலைப்பட்ட ஆசிரியர்களிடம், கடவுளின் பராமரிப்பை நம்புங்கள் என்று அவர் அறிவுரை சொன்னார். அவர்களோ, சொத்தும் கேனன் பதவியும் உள்ளவர் அப்படிச் சொல்வது எளிது, பள்ளி மூடினால் தெருவுக்கு வருவது நாங்கள்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். இந்தப் பேச்சு அவரைச் சுட்டது. 1683-இல் கேனன் பதவியைத் துறந்தார். அதைத் தம் தம்பிக்குக் கொடுக்காமல் ஒரு ஏழைக் குருவுக்கு விட்டுக்கொடுத்தார். அதைத் தொடர்ந்து பஞ்சம் வந்தபோது, தம் பங்குச் சொத்தை ரொட்டியாக்கிப் பசித்தவர்களுக்குப் பங்கிட்டார். பிறகு அறிவுரை சொன்னபோது, சொல்கிறவரும் கேட்கிறவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள்.

இந்த ஆசிரியர்கள்தான் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் சபையானார்கள். மாஸ்டர் என்ற பட்டத்தை விட்டுவிட்டுச் சகோதரர் என்ற பெயரை ஏற்றார்கள். ஒருவருக்கொருவர் சகோதரர், பிள்ளைகளுக்கு மூத்த அண்ணன். குருப்பட்டம் பெறுவதில்லை என்றும் முடிவாயிற்று, பூசைக்கும் பிரசங்கத்துக்கும் போய்விட்டால் வகுப்பை யார் பார்ப்பது என்பதால். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். கற்பிப்பது ஒரு முழு வாழ்க்கையையும் கேட்கிற அழைப்பு என்று அந்நாளில் நினைத்தவர்கள் சிலரே.

அவர் எழுதிய ‘பள்ளிகளை நடத்தும் முறை’ என்ற நூல் 1706-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அச்சானது அவர் இறந்த மறு ஆண்டு, 1720-இல், அவிஞோன் நகரில். அனுபவமுள்ள சகோதரர்களோடு உட்கார்ந்து பேசி, செய்துபார்த்து, திருத்தித் திருத்தி எழுதிய நூல் அது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பதை விட்டு, ஒரே தரத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எல்லாருக்கும் ஒருசேரக் கற்பிப்பது, இலத்தீனுக்கு முன் வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழியில் வாசிக்கப் பழக்குவது என்று அதில் பல உண்டு. ஆசிரியர் அதிகம் பேசக்கூடாது என்பதற்காகச் சிறு ஓசை எழுப்பும் கருவி ஒன்றையும் அவர்கள் கையில் கொடுத்திருந்தார். நம் வகுப்பறைகளில் யார் சத்தம் அதிகம் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்த நூலில் என்னை நிறுத்திவைத்த பகுதி, தண்டனை பற்றியது. லசால் அடியை முற்றிலும் தடை செய்யவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அப்படி யோசித்தவர்கள் அரிது. இல்லாததை அவர்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் செய்தது வேறு. தோலால் தைத்த பட்டையால் உள்ளங்கையில் அடிக்கலாம். ஆனால் ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு. அதுவும் இடது கையில். வலது கை மரத்துப்போனால் பிள்ளை எப்படி எழுதும்? கையால் அறையக்கூடாது. காலால் உதைக்கக்கூடாது. காதைத் திருகக்கூடாது, மூக்கையோ முடியையோ பிடித்து இழுக்கக்கூடாது. பட்டையைப் பிள்ளைமேல் வீசி எறியக்கூடாது. இழிவான பெயர் வைத்துக் கூப்பிடக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கோபமாக இருக்கும் ஆசிரியர் தண்டிக்கவே கூடாது. முதலில் தன் மனம் அடங்க வேண்டும். இது பிள்ளையின் நன்மைக்குத்தானா, என் எரிச்சலைத் தீர்த்துக்கொள்ளவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தண்டனை சரியானதாக இருப்பதற்குப் பத்து நிபந்தனைகளை அவர் அடுக்குகிறார். பத்தையும் நேர்மையாகப் பார்த்து முடிப்பதற்குள் ஓங்கிய கை தானே இறங்கிவிடும்.

தண்டனை தவிர வேறு கட்டுப்பாடுகளும் இருந்தன. பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ எதையும் வாங்கக்கூடாது. ஒரு பிள்ளையோடு மட்டும் தனிச் சலுகையோ நெருக்கமோ கூடாது. அவசியமின்றித் தனியே பேசிக்கொண்டிருக்கக்கூடாது. வராத பிள்ளையைத் திட்டுவதற்கு முன், ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டும். வறுமையால் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தால் அதற்கு வழி தேட வேண்டும். மாணவனுக்குரிய விதிகளைவிட ஆசிரியருக்குரிய விதிகளே கடுமையாக இருக்கின்றன.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தை நோகச்செய்வதையும் தடை செய்கிறது. 24-ஆம் பிரிவு ஆசிரியர் நேரத்துக்கு வரவேண்டும், பாடத்தை முடிக்கவேண்டும், பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் நிலையைச் சொல்லவேண்டும் என்கிறது; 28-ஆம் பிரிவு தனிப்பாடம் நடத்துவதைத் தடுக்கிறது. இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம், இச்சட்டம் சிறுபான்மையினரின் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2025-இல் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பியது. நம் பள்ளிகளின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த உரிமையின் நிழலில் ஒரு பிரம்பு பத்திரமாக இருக்கிறது என்றால், அதை லசால் எப்படிப் பார்ப்பார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எந்த அரசும் கேட்காத காலத்தில், தம் பள்ளிகளுக்குத் தாமே விதித்துக்கொண்டவர் அவர். சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவோ, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பம் விளைவிப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. அது எந்தச் சமயத்தார் பள்ளி என்று பார்ப்பதில்லை.

எழுதிவைத்த விதி எல்லாரையும் மாற்றிவிடுமா? லசாலின் சொந்த வீட்டிலேயே மாற்றவில்லை. 1702-இல் பாரிசில் நடந்தது இது. அங்கே நவசந்நியாசிகளைப் பயிற்றுவித்த சகோதரர் ஒருவர் மிகக் கடுமையானவர். சிறு தவறுகளுக்கும் பெரிய தண்டனைகள் கொடுத்தார். தாங்க முடியாத இளைஞர்கள் பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னார்கள். செய்தி பாரிசு பேராயர் கர்தினால் நொவாய் அவர்களுக்குப் போனது. அவருடைய முதன்மைக் குரு வந்து பல நாள் விசாரித்தார். முடிவில், சபையின் தலைவராக இனி லசால் இருக்க வேண்டாம் என்று பேராயர் தீர்மானித்தார்.

அடித்தவர் லசால் அல்ல. எனக்குத் தெரியாது, அவர்தான் செய்தார் என்று சொல்லியிருக்கலாம். புகார் சொன்ன இளைஞர்களை நன்றிகெட்டவர்கள் என்று தூற்றியிருக்கலாம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று வெளியே தெரியாமல் அமுக்கப் பார்த்திருக்கலாம். இவற்றில் எதையும் அவர் செய்யவில்லை. தம் கீழ் நடந்ததற்குத் தாமே பொறுப்பு என்று ஏற்று, பேராயரின் முடிவுக்குத் தலைவணங்கினார். பேராயர் நியமித்த பிரிக்கோ என்ற குரு வந்தபோது கொந்தளித்தவர்கள் சகோதரர்கள்தான். கீழ்ப்படியுங்கள் என்று அவர்களிடம் மன்றாடியவர் லசால். பிறகு சமரசம் ஒன்று ஏற்பட்டு, பிரிக்கோ பெயரளவுக்குத் தலைவராக இருக்க, லசால் பணியைத் தொடர்ந்தார். ஆனாலும் அந்தக் கறை அவர் பெயரில் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

பள்ளித் தாளாளர்களாகவும் தலைமை ஆசிரியர்களாகவும் இருப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை அமைதியாக வாசித்துப் பார்க்கலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, அப்படியொரு குற்றம் நடந்தது என்று அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்கவேண்டும். தம் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால், அவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்கிறது 21-ஆம் பிரிவு. முதலில் நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்பதற்கு அங்கே இடமில்லை. திருச்சபையும் இதை மிகுந்த வேதனையோடுதான் கற்றுக்கொண்டது, கற்றும் வருகிறது.

சட்டத்தோடு லசாலுக்கு இருந்த உறவு எப்போதும் சுமுகமாக இருக்கவில்லை. பாரிசில் எழுதக் கற்றுக்கொடுக்கும் உரிமை எழுத்தாசிரியர்கள் சங்கத்துக்கு உரியது. இலவசப் பள்ளிகள் பரம ஏழைகளுக்கு மட்டும் கற்பிக்கலாம். லசாலின் பள்ளிகளிலோ ஏழை வீட்டுப் பிள்ளையும் கொஞ்சம் வசதியுள்ள கைவினைஞர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். வாசலில் நிறுத்தி, உன் அப்பாவுக்கு என்ன வருமானம் என்று அவர்கள் கேட்கவில்லை. கட்டணத்தை நம்பிப் பிழைத்த எழுத்தாசிரியர்களுக்கு இது வயிற்றிலடிப்பாக இருந்தது. அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1704-இல் பள்ளிப் பொருட்கள் பறிமுதல் செய்யப்பட்டன. வழக்கில் லசாலுக்கு எதிராகத் தீர்ப்புகள் வந்தன. 1706-இல் பாரிசு உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நிற்கவில்லை. சகோதரர்கள் அந்தப் பங்கின் பள்ளிகளைச் சிறிது காலம் விட்டுப்போக நேர்ந்தது.

இதைவிட வலித்தது பின்னால் வந்த வழக்கு. கிளெமென்ட் என்ற இளம் மறைப்பணியாளர், கிராமப்புற ஆசிரியர்களுக்குப் பயிற்சிக்கூடம் அமைக்க மிகுந்த ஆர்வம் காட்டினார். செந்தெனி என்னும் ஊரில் ஒரு வீடு வாங்குவதற்காக லசால் 5,200 லிவர் முன்பணம் கொடுத்தார். ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் மைனர். கிளெமென்ட் அந்த வயதை எட்டவில்லை. தந்தை வழக்குத் தொடுத்தார். மைனரை ஏமாற்றிப் பணம் பறிக்கப் பார்த்தார் என்ற பழி லசால்மேல் விழுந்தது. தம்பி தங்கையரின் சொத்தைக் காசு பிசகாமல் கணக்கு வைத்தவர்மேல் இப்படி ஒரு பழி! 1712 மே 31 அன்று அவர் இல்லாமலே அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. கையில் இருந்த ஆவணங்களை வழக்குரைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு, சில மாதங்களுக்கு முன்பே அவர் தென் பிரான்சுக்குப் புறப்பட்டிருந்தார்.

அவர் அப்படிப் போனது சரியா என்று எனக்கு இன்றும் முழுத் தெளிவில்லை. தம்மால்தான் சபைக்குத் தொல்லை, தாம் விலகினால் எதிரிகள் அடங்குவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். விட்டுச்செல்லப்பட்ட சகோதரர்களுக்கோ அது கைவிடப்பட்டது போலத்தான் இருந்திருக்கும். புனிதர்களின் வாழ்விலும் மங்கலான பக்கங்கள் உண்டு.

தெற்கே அலைந்தவர் கிரெனோபிள் நகரில் தங்கினார். அங்கிருந்த சகோதரர் ஒருவரை வடக்கே நிலைமை பார்த்துவர அனுப்பிவிட்டு, அவருடைய வகுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். அறுபதைக் கடந்த இறையியல் முனைவர், ஒரு சபையையே நிறுவியவர், நீதிமன்றத்தில் தோற்றவர். காலையில் சிறுவர்களை உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு முடிந்தால் பிள்ளைகளைத் திருப்பலிக்கு அழைத்துப் போனார். அவரது வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

1714 ஏப்ரல் 1 அன்று பாரிசுச் சகோதரர்கள் கூடி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நீங்கள் கொடுத்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின் பெயரால் கட்டளையிடுகிறோம், உடனே வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பிள்ளைகளே தந்தையைக் கணக்குக் கேட்டது போல. ஆகஸ்டு மாதம் அவர் பாரிசு வந்து சேர்ந்தார். வந்துவிட்டேன், என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆசிரியர்களின் ஆண்டுத் தியானத்துக்கென அவர் எழுதிய சிந்தனைகள் பதினாறு. ஆசிரியரிடம் கடவுள் கேட்கப்போகும் கணக்கைப் பற்றி அவற்றின் இறுதிப் பகுதியில் எழுதியிருக்கிறார். உன் ஆன்மாவைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். உன் வகுப்பில் உட்கார்ந்த ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கேட்பார் என்பது அதன் கருத்து. அதைப் படிக்கும் ஆசிரியருக்கு உடல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஆனால் அடுத்தே அவர் பரிசைப் பற்றியும் எழுதுகிறார். விண்ணகத்தில் தன் பழைய மாணவர்கள் தனக்காகப் பரிந்து பேசுவதை ஆசிரியர் காண்பாராம். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனும் அங்கே இருப்பான் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

1717-இல் சகோதரர் பர்த்தொலொமேயுவைச் சகோதரர்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து லசால் சாதாரணச் சகோதரரைப் போல, சிறு காரியத்துக்கும் தலைவரிடம் அனுமதி கேட்டு வாழ்ந்தார். ரூவன் நகருக்கு அருகில் சேன்-யோன் என்ற இல்லத்தில் அவரது இறுதி நாட்கள் கழிந்தன. அங்கும் நிம்மதி முழுமையாகக் கிடைக்கவில்லை. ஒரு தகராறின் காரணமாக, சாவுக்குச் சில நாட்களுக்கு முன் அவரது குருத்துவ அதிகாரங்கள் மறைமாவட்டத்தால் திரும்பப் பெறப்பட்டன. 1719 ஏப்ரல் 7, புனித வெள்ளி அதிகாலையில் அவர் இறந்தார்.

அவர் உயிரோடிருந்தவரை சபைக்கு அரசின் ஏற்போ திருத்தந்தையின் ஏற்போ கிடைக்கவில்லை. அரசாணை 1724-இல் வந்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்டின் ஆணை 1725 சனவரியில் வந்தது. 1900-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லெயோ அவரைப் புனிதராக உயர்த்தினார். 1950 மே 15 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், ஆசிரியர் அனைவருக்கும் அவரைப் பாதுகாவலராக அறிவித்தார். ரூவனில் அடக்கம் செய்யப்பட்ட அவரது எலும்புகள் பெல்ஜியம் வழியாக 1937-இல் உரோமை வந்து, சகோதரர்களின் தலைமை இல்லத்தில் வைக்கப்பட்டுள்ளன.